பொருளாதாரம் சரிந்தபோது பெருகிய பெண் தொழிலாளர்கள்

புது தில்லி: வேலைக்குச் செல்லும் பெண்களின் விகிதம் உயர்ந்து வருவதாக நாடாளுமன்றத்தில் மத்திய அமைச்சர்கள் பெருமிதத்துடன் கூறும்போதெல்லாம் மேற்கோள் காட்டப்படுவது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 15 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள பெண்களில் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். எண்ணில் பிழையில்லை. ஆனால், இந்த உயர்வு எப்போது நிகழ்ந்தது, எத்தகைய வேலைகளில் நிகழ்ந்தது என்று பார்த்தால் பெருமிதத்துக்கு இடம் குறைவு.

ஒரே ஆண்டில் 24.5 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகத் தாவியது 2019-20-ல். வளர்ச்சி ஏற்கெனவே தளர்ந்திருந்த ஆண்டு அது. கணக்கெடுப்பு ஆண்டின் கடைசிக் காலாண்டில் நாடு பொதுமுடக்கத்தில் இருந்தது; அந்த மூன்று மாதங்களில் பொருளாதாரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. ஆலைகளும் கடைகளும் மூடிக் கிடந்த ஆண்டில் பெண்களுக்கு மட்டும் வேலை எங்கிருந்து வந்தது?

விடை அதே கணக்கெடுப்பில் உள்ளது. பெண் தொழிலாளர்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 2017-18-ல் 51.9 சதவீதமாக இருந்தது; 2023-24-ல் 67.4 சதவீதமானது. மாதச் சம்பளம் பெறும் பெண்களின் பங்கோ 21 சதவீதத்திலிருந்து 15.9 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சுயதொழில் என்றதும் தையல் இயந்திரமும் வங்கிக் கடனும் நினைவுக்கு வரலாம். உண்மையில், பெண் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் குடும்ப நிலத்திலோ, குடும்பக் கடையிலோ ஊதியமின்றி உழைப்பவர்கள். வருமானம் இழந்த வீட்டில் மனைவியும் மகளும் வயலில் இறங்கினால் அரசின் ஏட்டில் அது வேலைவாய்ப்புப் பெருக்கம்.

இது புதிதும் அன்று. 1999-2000-க்கும் 2004-05-க்கும் இடைப்பட்ட வேளாண் நெருக்கடிக் காலத்திலும் கிராமப்புறப் பெண்களின் பங்கேற்பு உயர்ந்து, 2011-12-ல் சரிந்தது.

சம்பள வேலையில் இருந்த பெண்களின் கதை வேறு. பொதுமுடக்கத்துக்கு முன் வேலையில் இருந்தவர்களில், அதன் பின்னர் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைவாக இருந்ததைப் பொருளாதார அறிஞர் அஸ்வினி தேஷ்பாண்டேயின் ஆய்வு காட்டியது. பள்ளிகள் மூடியதும் வீட்டுப் பணியும் கூடியது. அதற்கு முன்பே, 2019-ம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர்.

அந்த நாள்களில் அரசு தந்தது, ஜன் தன் கணக்கு வைத்திருந்த ஏறத்தாழ 20 கோடி பெண்களுக்கு மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதங்கள். அதைவிடப் பெரிதும் கைகொடுத்தது மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். 2020-21-ல் உருவான 380 கோடிக்கும் அதிகமான மனித உழைப்பு நாள்களில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. "நூறு நாள் வேலை" என்று வழங்கிய தமிழகத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பெண்களே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது கிராமத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று.

அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நாள்கள் 125-ஆக உயர்த்தப்பட்டன. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். இரு அவைகளிலும் அமளி பெரும்பாலும் காந்தியின் பெயர் நீக்கப்பட்டதைப் பற்றியும் நிதிச்சுமையைப் பற்றியும்தான். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்கள் வரை பணிகளை நிறுத்தி வைக்கும் பிரிவு, பெண்களை நேராகத் தொடுவது. வயல் கூலி கட்டுப்படியாகாவிட்டால் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவேன் என்று நிலக்காரரிடம் சொல்ல முடிந்தவருக்கு, அந்த 60 நாள்களில் அப்படிச் சொல்ல வழியிராது.