துப்பாக்கி கிடைக்காத வழக்கு

1999 ஏப்ரல் இறுதியில் டெல்லி விருந்து ஒன்றில் ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடப்பட்டது இரண்டு முறை. முதல் குண்டு கூரையில், அடுத்தது அவர் தலையில். போலீஸிடம் சிக்கியவை இரண்டு காலித் தோட்டாக்கள். துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. ‘இவை வெவ்வேறு துப்பாக்கிகளில் சுட்டவைபோலத் தெரிகின்றன’ என்ற நிபுணர் கருத்தும் சேர்ந்துதான் 2006 பிப்ரவரியில் எல்லோரையும் விடுதலையாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது; 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

தடய அறிவியல் எம்.எஸ்சி.யில் பாலிஸ்டிக்ஸை (துப்பாக்கி, குண்டுத் தடயங்களை ஆராயும் பிரிவு) தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட வேண்டும் என்பேன்.

இந்தப் படிப்பின் உயிர், ஒப்பீட்டு நுண்ணோக்கி. கைப்பற்றிய துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுடுவார்கள். குண்டு நசுங்காமல் அடியில் கிடக்கும். அதை ஒரு மேடையிலும், உடலில் எடுத்த குண்டை மறு மேடையிலும் பொருத்திப் பார்த்தால், நடுவே மெல்லிய கோடு, இருபுறமும் பாதிப் பாதிக் குண்டு. மெல்ல உருட்டிக்கொண்டே வர வேண்டும். இரண்டும் ஒரே குழலில் வந்திருந்தால், ஓரிடத்தில் இந்தப் பக்கத்துக் கீறல்கள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் ஓடும். 1920-களில் அமெரிக்காவில் கால்வின் காடார்டும் சகாக்களும் நிலைநிறுத்திய முறை இது.

நம் நாட்டில் கூடுதல் சிக்கல் உண்டு. நாட்டுத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் பெரும்பாலும் வழவழவென்றிருக்கும், குண்டில் கீறல் பதிக்கும் வரிப்பள்ளங்கள் இரா. அப்போது தோட்டாவின் அடியில் ஃபயரிங் பின் குத்திய குழியையே பெரிதும் நம்ப வேண்டும். மேலும், ஒப்பீட்டு முறை எவ்வளவு பிழைபடும் என்று காட்டும் ஆய்வுகள் போதவில்லை என அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016-ல் சொன்னது. எனவே, ‘துப்பாக்கி இல்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று கூண்டில் நின்று சொல்லும் துணிவையும் பாடமாகவே கற்பிக்க வேண்டும்.

இனி ஆட்கள் நிறையத் தேவைப்படுவார்கள். 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு நேரில் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் படிப்பைத் தொடங்குகின்றன. ஆனால், ஆயுதச் சட்டம் இருப்பதால் கல்லூரிகள் நினைத்தவுடன் துப்பாக்கி வாங்கி வைத்துவிட முடியாது. எனவே, கட்டணம் கட்டும் முன் கேளுங்கள்: சுட்டுப் பார்க்கத் தொட்டி இருக்கிறதா? அரசு ஆய்வகத்தில் எத்தனை மாதம் பயிற்சி?