டி டிரைவில் ஒரு பாகப்பிரிவினை!

ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு, சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து, 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றை நான் ஒரே நிமிஷத்தில் காலி பண்ணினேன். வைரஸ் எதுவும் இல்லை. ஹாக்கர் யாரும் வரவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கட்டுமே என்று பேக்கப் எடுத்தேன், அவ்வளவுதான்!

லேப்டாப் பெயருக்குத்தான் என்னுடையது. உழைப்பதெல்லாம் என் மனைவி. வீட்டிலேயே தமிழ் டைப்பிங் செய்து கொடுக்கிறாள். பத்திரிகை, நோட்டீஸ், பிஎச்.டி. ஆய்வேடு... எல்லாமே டி டிரைவில். அந்த வாரம் அதில் இருந்தது ஒரு கல்லூரி ஆசிரியையின் ஆய்வேடு, 286 பக்கம். திங்கட்கிழமை யுனிவர்சிட்டியில் கொடுக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு ஃபைலை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஏங்க, அந்த டிஸ்க் கொஞ்ச நாளா ரொம்ப மெதுவா இருக்கு. எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வைங்களேன்" என்றாள்.

நல்ல யோசனைதான். புதிதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினேன். பழசு 500 ஜி.பி., அதே கம்பெனி. புதுசும் 500, அதே கம்பெனி. பேக்கப் சாஃப்ட்வேர் 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்று இரண்டு கட்டம் போட்டுக் காட்டியது. இரண்டிலும் 465 ஜி.பி. என்றே இருந்தது. (500 என்று விற்பதை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். அவர்கள் கணக்கு 1000, இவர்கள் கணக்கு 1024. ஏமாற்று இல்லை.) எது எதிலிருந்து, எது எதற்கு என்று கேட்டது. தேர்ந்தெடுத்தேன். "இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா?" என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. ஆபீசில் தினம் நாற்பது தடவை 'எஸ்' அமுக்கிப் பழகிய விரல், அதையும் அமுக்கியது.

முடிய மூன்று மணி நேரமாவது ஆகும் என்று நினைத்தேன். ஒரே நிமிஷத்தில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்துவிட்டது! அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமோ? "அடேயப்பா, என்ன வேகம்!" என்று வியந்தேன். காலி டிஸ்கை நிரம்பிய டிஸ்க் மேல் காப்பி அடித்தால் வேகமாகத்தானே முடியும்!

லேப்டாப்பை மறுபடி போட்டேன். கறுப்புத் திரை. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லையாம். டிஸ்கை ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால், சி இல்லை, டி இல்லை. பெயரில்லாத வெற்று டிரைவ் ஒன்று மட்டும் பல்லைக் காட்டியது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெயிலில் பழைய காப்பி ஒன்று இருந்தது. ஆனால் ஒரு மாசத்துக்கு முந்தியது. அதற்கப்புறம் மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக அடிக்குறிப்பு போட்டிருந்தாள். "கூகுள் டிரைவ்ல போட்டு வைக்கட்டுமா?" என்று ஒருதரம் கேட்டபோது, "நெட்டையெல்லாம் நம்பாதே" என்று சொன்ன மேதாவி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலையில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ.எஸ். போயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம்" என்றார்.

"உள்ளே இருந்தது?"

"அது போச்சு சார்."

தலையை ஆட்டப் போனேன். அவசரத்துக்கு ஒரு போன் வந்து, அப்புறம் வருகிறேன் என்று கிளம்பியதுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். அங்கே புதிதாக விண்டோஸ் ஏற்றியிருந்தால், கீழே இருந்ததன் மேல் மண்ணைக் கொட்டி மூடினது போல ஆகியிருக்கும்.

மாடி வீட்டில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் பையன் இருக்கிறான். என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவான். எனக்கு 34 வயசுதான். அந்தக் கோபத்தை ஒத்தி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"இதுக்கப்புறம் இதுல ஏதாவது எழுதினீங்களா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். "அப்போ பயப்படாதீங்க. போனது பத்திரம்தான், நிலம் இல்ல."

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நம் ஊரில் அப்பா சொத்தை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வது மாதிரிதான் பார்ட்டிஷன். அசல் பாகப்பிரிவினை! எந்தப் பாகம் எங்கே ஆரம்பித்து எவ்வளவு நீளம் என்கிற பத்திரம், டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கிறது. அந்த செக்டார் மொத்தம் 512 பைட். அதிலே பத்திரத்துக்கு ஒதுக்கினது 64 பைட். பாகத்துக்கு 16 பைட் வீதம் நாலு பேருக்கு. ஒரு எஸ்.எம்.எஸ். 140 பைட். அதில் பாதிகூட இல்லாத இந்தத் துண்டுச் சீட்டு போனால், 500 ஜி.பி.க்கும் சொந்தக்காரன் யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நிலம் அங்கேயேதான் கிடக்கும்.

இப்போது வரும் லேப்டாப்களில் ஜி.பி.டி. என்று வேறு முறை. பத்திரத்தின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கிறது. எங்களுடையது விண்டோஸ் 7 காலத்து ஆசாமி. ஒரே பத்திரம்தான்.

1999 ஏப்ரல் 26-ம் தேதி ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ், 'செர்னோபில்' என்று பேர் வாங்கியது, அன்றைக்கு நம் நாட்டிலும் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. ஹார்டு டிஸ்கின் முதல் 1 எம்.பி.யில்தான் அது குப்பையைக் கொட்டியது. ஆனால் மொத்த டிஸ்கும் காலியானதாகவே எல்லோரும் நினைத்தார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். என்ன, எனக்கு வைரஸ் செலவு மிச்சம்!

பையன் நேரே வேலையில் இறங்கவில்லை. ஸ்குரூவைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்து, தன் லேப்டாப்பில் கேபிள் வழியாக மாட்டினான். பழைய டிஸ்கை செக்டார் செக்டராகப் புது டிஸ்கில் காப்பி எடுக்க வேண்டும் என்றான். மறுபடியும் காப்பியா? எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஒரிஜினலைத் தொடக்கூடாது அங்கிள். நகல்லதான் ஆபரேஷன்." எது எதிலிருந்து எதற்கு என்று மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினான். அவனுடைய கேபிள் பழைய யு.எஸ்.பி. 2. நாலரை மணி நேரம்!

காத்திருந்தபோது, 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கு நேர்ந்ததைச் சொன்னான். 1998-ல் பிக்ஸார் கம்பெனியில் யாரோ கொடுத்த ஒரு தப்பான கட்டளையில், படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப் டேப் இருந்தது. ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைப் போர்வை சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண்கள்தான் காப்பாற்றுகிறார்கள்' என்பது அதன் தமிழாக்கம்.

மூன்றரை மணிக்கு 'டெஸ்ட்டிஸ்க்' என்ற புரோகிராமைத் திறந்தான். பிரான்ஸ் நாட்டு கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. இலவசம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. பார்க்க 1985 மாடல்! ஆனால் அது செய்கிற வேலை நம் ஊர் சர்வேயர் வேலை. பத்திரம் இல்லாவிட்டால் என்ன, வரப்பில் எல்லைக்கல் இருக்குமே! விண்டோஸ் ஒவ்வொரு பாகத்தின் ஆரம்பத்திலும் ஒரு அடையாள செக்டார் வைக்கிறது. அதன் நகலை அந்தப் பாகத்தின் கடைசி மூலையிலும் வைக்கிறது. டெஸ்ட்டிஸ்க் அந்தக் கற்களைத் தேடி டிஸ்க் முழுக்க நடக்கிறது.

முதல் கல் கிடைக்கவில்லை. முன்னால் இருந்த சின்ன பூட் பார்ட்டிஷன் நான் அடித்த காப்பியில் நிஜமாகவே சிதைந்திருந்தது. அடுத்து சி. அதற்கும் கீழே ஒரு வரி. டி!

"பி அமுக்கினா உள்ளே இருக்கிறதைக் காட்டும்" என்றான். அமுக்கினான். 'கல்யாணப் பத்திரிகை', 'கும்பாபிஷேக நோட்டீஸ்', 'ஆய்வேடு கடைசி', 'ஆய்வேடு கடைசி புதுசு', 'ஆய்வேடு கடைசி புதுசு 2'...

"அதான், ரெண்டு போட்டது!" என்று மனைவி கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் 'ரைட்' கொடுத்துப் புதுப் பத்திரம் எழுதினான். எழுத வேண்டியது மறுபடியும் அந்த 64 பைட்தான். ஐந்து மணிக்கு ஃபைல் திறந்தது. அடிக்குறிப்பு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஆறு.

எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் சந்தேகம்தான் என்றான் பையன். அழித்த இடங்களை அது 'ட்ரிம்' என்கிற ஏற்பாட்டில் தானாகவே துடைத்துவிடுமாம். அதேபோல, டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இந்த வித்தை எதுவும் செய்யாமல் உடனே கரண்டை நிறுத்திவிட வேண்டுமாம்.

ஆசிரியை பென்டிரைவோடு வந்தார். "எல்லாம் ரெடியாக்கா?" என்றார். "நேத்தே ரெடிம்மா" என்றாள் என் மனைவி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

விண்டோஸைத் திரும்ப ஏற்றப் பையனுக்கு இன்னொரு நாள் ஆனது. காசு வாங்க மாட்டேன் என்றான். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் வடை சுட்டால் முதல் தட்டு மாடிக்குப் போகிறது. இரண்டு டிஸ்கும் பீரோவில், மனைவியின் சாவியில். பழைய டிஸ்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள். பக்தியா என்று கேட்டேன்.

"அடையாளங்க. எது எதுன்னு உங்களுக்குத் தெரியணும்ல?"