கொல்லிமலைச் சந்தையில் ஒரு நாள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கொல்லிமலை என்றதும் தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான், பக்தர்களுக்கு அறப்பளீசுவரர், சுற்றுலாச் செல்வோருக்கு ஆகாய கங்கை அருவி. இம்மூன்றைப் பற்றியும் எழுதத் தகுதியுள்ளவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் அவற்றை விட்டுவிட்டுப் பலாப்பழம், மிளகு, மரவள்ளிக் கிழங்கு, சாமை ஆகிய நான்கைப் பற்றி மட்டும் எழுதத் துணிந்தேன். வேதியியல் மாணவனுக்குச் சந்தையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆடி மாதத் தொடக்கத்தில் எங்கள் துறையின் ஒரு நாள் சுற்றுலா நடைபெற்றது. பொழுது புலருமுன் புறப்பட்டுச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளியை அடைந்தோம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது வரை எல்லோரும் சேர்ந்து உரக்க எண்ணினோம். நாற்பதுக்கு மேல் எண்ணுவோர் குறைந்து, எலுமிச்சம்பழம் முகர்வோர் மிகுந்தனர். வளைவுகள் முடியும் இடத்தில் சோளக்காடு. அங்கிருந்து சிறிது தூரத்தில், தாலுகாவின் தலைமையிடமான செம்மேடு. கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரம். ஆடிக் காற்று சட்டைக்குள் புகுந்து நடுக்கியது.

சோளக்காட்டில் நாங்கள் இறங்கியபோது சந்தை நிறைந்திருந்தது. பலாப்பழங்களைத் தரையில் குவித்திருந்தார்கள். பக்கத்தில் அன்னாசி, வாழைத்தார், எலுமிச்சை. எட்டு மணிக்கெல்லாம் கீழ்நாட்டு வியாபாரிகளின் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழு பலாப்பழங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். பழம் என்ன விலை என்று கேட்டேன்.

"பெரிசு நூத்தி இருபது, கண்ணு. வாங்குறயா, சும்மா கேக்குறயா?"

"சாயந்தரம் ஊருக்குத் திரும்பும்போது வாங்குகிறேன், ஆயா."

"சாயந்தரம் வந்தா அம்பதுக்கே தருவேன், போ" என்று சிரித்தார்.

காலையில் 120 ரூபாய் பெறும் பழம் மாலையில் ஏன் 50 ரூபாயாக வேண்டும்? பழம் அதே பழந்தானே? இந்தக் கேள்விதான் அன்று முழுவதும் என்னுடன் சுற்றியது.

பழம் கொடியிலிருந்தோ மரத்திலிருந்தோ பிரிந்த பிறகும் உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, வெப்பத்தை வெளிவிடுகிறது. பலாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. முற்றிய காயாக வெட்டினாலும் அது எத்திலீன் என்னும் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொண்டு பழுக்கும். ஒன்று பழுத்தால் அதன் எத்திலீன் பக்கத்திலிருப்பதையும் பழுக்கத் தூண்டும். அன்னாசிக்கு இந்தக் குணம் கிடையாது. வெட்டிய பிறகு அது மேலும் இனிப்பதில்லை. ஆகவே நன்கு பழுத்த பின்பே அதை வெட்டியாக வேண்டும். வெட்டிய பின்போ நாள் தாங்காது. சுளையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அன்னாசியில் அதற்கும் மேல். நீரும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஈஸ்டும் பூஞ்சையும் விருந்தாளிகளைப்போல வந்து சேரும். ஆயாவின் ஊர் சந்தையிலிருந்து நான்கு மைல். காலையில் ஜீப்புக்கு வாடகை கொடுத்துப் பழங்களைக் கொண்டு வந்திருக்கிறார். விற்காத பழத்தைத் திருப்பி எடுத்துப் போக மறுபடியும் வாடகை. இதை வியாபாரியும் அறிவார், ஆயாவும் அறிவார். பேரம் பேசும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கடிகாரம் ஓடுகிறது.

செம்மேட்டுக்கு அருகில் மிளகு விளைவிக்கும் ஒருவரின் வீட்டுக்கு எங்கள் பேராசிரியர் அழைத்துச் சென்றார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் மனித உயரத்திற்கு மேல் பல மடங்கு ஏறியிருந்தன. அறுவடை தை, மாசியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் வீட்டின் உள்ளறையில் மூன்று மூட்டை மிளகு அப்படியே இருந்தது. அவர் கைப்பேசியில் யாரிடமோ அன்றைய விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "இன்னிக்கு வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

பச்சை மிளகை வெயிலில் காய வைத்தால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தோலிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கின்றன. ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்துக் காய வைத்தால் நிறம் ஒரே சீராக வரும் என்று அவர் செய்முறையாகவே அறிந்து வைத்திருந்தார். காரணத்தை எங்கள் பேராசிரியர் சொன்னார். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டால் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. காரத்தைத் தரும் பைப்பரின் ஆவியாகிப் போய்விடும் பொருளுமன்று. எனவே மிளகு மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வேதியியலோடு கதை முடிந்துவிட்டது என்று நான் எண்ணியபோது அவர் இன்னொன்று சொன்னார். அவருடைய மகன் வெளியூரில் சம்பாதிக்கிறார். அதனால் மூட்டையைத் திறக்க அவசரமில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் கொடியில் காய் பச்சையாக இருக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய மிளகும் காத்திருக்கக் கூடியதுதான். அவர்களால்தான் முடிவதில்லை.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எழுதும்போது என் சொந்தக் கதையையும் கொஞ்சம் கலக்க நேர்கிறது. மலையில் எங்கு பார்த்தாலும் மரவள்ளி நிற்கிறது. முன்பு சாமையும் தினையும் விளைந்த பல காடுகளில் இன்று அதுதான் பயிர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உள்ள ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு அது போகிறது. கீழே எங்கள் ஊரிலும் அதுவே பயிர். என் அப்பா ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக்காரர்.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாள்களில் கெட்டுவிடும். உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடியிருக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்று பட்டவுடன் தொடங்கும் ஆக்சிஜனேற்ற வினைகளே காரணம். ஆலைக்காரர்கள் வாங்குவது கிழங்கை அன்று, அதிலுள்ள மாவுச்சத்தை. ஆகவே 'பாயிண்டு' கணக்கில் விலை வைக்கிறார்கள்: மாவுச்சத்து நூற்றுக்கு எத்தனை பங்கோ அத்தனை பாயிண்டு; பாயிண்டுக்கு இன்ன விலை. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் அப்பா ஏற்றிச் சென்ற லோடு ஓர் ஆலையின் வாசலில் இரண்டு பகல், இரண்டு இரவு நின்றது. பிறகு பார்த்து, அவர் எதிர்பார்த்ததைவிட நான்கு பாயிண்டு குறைவு என்று சொன்னார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. கிழங்கைத் திருப்பிக் கொண்டு வந்தால் யார் வாங்குவார்? வீட்டுக்கு வந்து, "என்னமோ பாயிண்டுங்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பாயிண்டு என்ன என்பதை நான் கல்லூரிக்கு வந்து, முதலாண்டு இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒப்படர்த்தி காணும் சோதனையைச் செய்த அன்றுதான் புரிந்துகொண்டேன். மாவுச்சத்து நீரைவிட அடர்த்தி மிக்கது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே மாவு அதிகமுள்ள கிழங்கு நீருக்குள் அதிக எடை காட்டும். 5 கிலோ கிழங்கை வலையில் வைத்து நீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். 450 கிராம் அளவில் காட்டினால் ஒப்படர்த்தி 1.1 ஆகிறது. இந்த எண்ணுக்கு எவ்வளவு மாவு என்பதற்கு அட்டவணை உண்டு. ஆர்க்கிமிடீஸ் தத்துவந்தான், வேறு மாயம் எதுவும் இல்லை. அதே சமயம், கிழங்கில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் நீருக்குள் எடை குறையும். வலையைக் கழிக்க மறந்தால் கூடும். 450 என்று வர வேண்டியது 430 என்று வந்தால் ஒப்படர்த்தி 1.094 ஆக இறங்கிவிடும். மூன்றாம் தசம இடத்தில் நிகழும் இந்த மாற்றம் ஒரு லாரி லோடில் எவ்வளவு பணமாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்பாவின் கிழங்கு இரண்டு நாள் வெயிலில் கிடந்ததால் உண்மையிலேயே சத்து குறைந்ததா, அளவில் பிழையா என்று இன்று சொல்ல வழியில்லை. அன்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த வாசலில் இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. மலையில் ஒரு மரவள்ளிக் காட்டோரம் நின்று இதை நண்பர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இனி சாமை. நான்கு பொருள்களில் மிக நீண்ட காலம் காத்திருக்கக் கூடியது இதுவே. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று இம்மலையில் மட்டும் பல வகைகளைப் பெயர் சொல்லிப் பயிரிட்டிருக்கிறார்கள். உமியோடு குதிரில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கடினமான அந்த உமிதான் காவல். உமி நீங்கிவிட்டால் அரிசியின் மேற்புறத்துக் கொழுப்பு காற்றுக்கு வெளிப்பட்டு, சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும்.

இவ்வளவு நல்ல தானியம் ஏன் வயலைவிட்டுப் போயிற்று? ஜவ்வரிசி ஆலை கொடுத்த ரொக்கம் ஒரு காரணம். ரேஷன் அரிசி இன்னொன்று. மூன்றாவது காரணத்தை ஒரு மகளிர் குழுவினர் சொன்னார்கள்: உலக்கை. கேழ்வரகைக் கதிரடித்தாலே தோல் கழன்றுவிடும்; நேரே திரிகைக்குப் போகலாம். சாமையும் தினையும் அப்படியல்ல. உரலில் இட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைக்க வேண்டும். காட்டு வேலையும் முடித்து வந்த பெண்கள்தாம் இதையும் செய்தார்கள். "சாமை போச்சேன்னு வெளியூர்லருந்து வர்றவங்க வருத்தப்படுறாங்க. குத்தினது எங்க கைதானே, தம்பி" என்றார் ஓர் அம்மாள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்து வருகிறது. விதை வகைகளைச் சேகரித்ததோடு, உமி நீக்கும் சிறு எந்திரங்கள் ஊருக்குள் வரவும் வழி செய்தது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் கல்லூரியிலும் கட்டுரைப் போட்டிகள் நடந்தன. அக்கட்டுரைகளில் இரும்புச் சத்தும் நார்ச் சத்தும் இடம் பெற்றன. உலக்கையைப் பற்றி எழுதியவர் யாரும் இருந்ததாக நினைவில்லை. நானும் எழுதவில்லை. எந்திரம் மலைமேல் இருந்தால் உமி நீக்கும் கூலியும் தவிடும் மலையிலேயே தங்கும். கீழே இருந்தால் மூட்டையோடு அவையும் இறங்கிவிடும்.

மாலை மூன்றரை மணிக்குச் சோளக்காட்டில் பேருந்து மறுபடி நின்றது. ஆயாவிடம் இரண்டு பழங்கள் மீதியிருந்தன. ஒன்றுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். அவர் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். "காலையில சொன்னது சொன்னதுதான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வாங்கியதைப் பார்த்து மற்றொன்றை எங்கள் பேராசிரியர் வாங்கினார். 70 வளைவுகளும் பலாப்பழ வாசனையோடு இறங்கி வந்தோம். அந்த வாசனையால் எத்தனை பேருக்கு மீண்டும் எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மகளிர் குழுவிடம் நான் உமியோடு நான்கு கிலோ சாமை வாங்கியிருந்தேன். அம்மா பையைத் திறந்து பார்த்து, "இதக் குத்துறது யாரு?" என்று கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு உரலில் நானே குத்தினேன். இரண்டு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ அரிசி கிடைத்தது. ஒன்றரை மணி நேரமும் இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளங்களும் ஆயின. அதிலும் பாதிக்குப் பாதி நொய் என்று அம்மா முறத்தில் காட்டினார். மீதி இரண்டு கிலோ உமியோடு பானையில் இருக்கிறது.

அப்பா அன்று இரவு சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, அந்தப் பாயிண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கிழங்கு தை மாதம் தோண்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் தராசும் தயாராக இருக்கின்றன. கிழங்கை வைக்க ஒரு கம்பிவலைக் கூடை மட்டும் வாங்க வேண்டும்.