தீயணைக்கும் குழாய்க்கும் பரீட்சை உண்டு!

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், சந்துக்குள் இருக்கும் ஒரு வீட்டில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 101-க்கு டெலிபோன் செய்ததும் தீயணைப்பு வண்டி பறந்து வருகிறது. ஆனால், சந்துக்குள் அது நுழையாது! தெருமுனையிலிருந்து தண்ணீரைக் கொண்டுபோவது குழாய்தான். அது பாதி வழியில் வெடித்தால்?

1670-களில் ஆம்ஸ்டர்டாம் நகர ஓவியர் யான் வான் டெர் ஹைடன், தோலினால் இந்தக் குழாயைச் செய்தார். பிறகு கான்வாஸ் குழாய் வந்தது. அது கசியும், ஈரம் காயாவிட்டால் மக்கிப்போகும். இப்போது வெளியே செயற்கை நூல் நெசவு, உள்ளே ரப்பர்.

குழாயின் அகலம் முக்கியம். ஒல்லியான குழாய் தூக்க எளிது. ஆனால் தண்ணீரின் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். 63 மில்லிமீட்டர் குழாய் 15 மீட்டர் நீளம் இருந்தால், உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டும் சுமார் 47 கிலோ! அதை இழுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டுமே!

கப்ளிங்கும் பொருந்த வேண்டும். 1904-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வெளியூர் படைகள் உதவிக்கு ஓடி வந்தன. அவர்களுடைய குழாய்கள் அந்த ஊர்த் தண்ணீர்க் குழாய்களில் பொருந்தவில்லை. 1,500-க்கும் அதிகமான கட்டிடங்கள் நாசமாயின.

சோதனை எப்படி? குழாயை நேராக விரித்து, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றுவார்கள். கப்ளிங் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அழுத்தத்தை ஏற்றுவார்கள். கோடு விலகினால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. வெடித்த குழாய் சாட்டைபோல் அடிக்கும்!

தேறிய குழாயை உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடிக்காமல், இடம் மாற்றிச் சுருட்டி வண்டியில் வைப்பார்கள்.