வாவிக்கரைக் கலைகள் – 6: உடுப்புக் கட்டும் கொட்டில்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களின் மரபுக்கூத்து, வட்டமான களரியில் இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்படுவது. பார்வையாளர்கள் களரியைச் சுற்றி இருப்பார்கள். சற்றுத் தள்ளி மறைப்புக் கட்டிய இடத்தில் கூத்தர் உடுப்புக் கட்டுவார்கள். படச்சட்ட மேடையில் பின்புறக் குழப்பம் திரைக்குள் அடங்கிவிடும். அந்தக் குழப்பத்தையே கதையாக்கிய மைக்கேல் ஃப்ரெய்னின் ‘நோய்சஸ் ஆஃப்’ நாடகம் 1982இல் லண்டனில் மேடையேறியது. கூத்துக் களரியில் ஆட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே மறைப்பில்லை. ஆகவே குழப்பத்தைத் தீர்ப்பவர்களும் களரியின் நடுவிலேயே நிற்கிறார்கள்.

சிக்கல் ஆள் தெரிவிலேயே தொடங்கிவிடும். அரச வேடம் யாருக்கு என்பது ஊரில் மதிப்புச் சார்ந்த விடயம். உடல்வாகு, குரல், ஆட்டத்திறன் மூன்றையும் பார்த்து, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் முடிவு சொல்வார். அடுத்தது சட்டம் கொடுத்தல்: ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் வழங்கப்படும். பல மாதப் பழக்கத்துக்குப் பின் சதங்கை கட்டுவார்கள். அதன்பின் கூத்து முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், பிறகுதான் அரங்கேற்றம். வயலிலும் வாவியிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் கூடிப் பழகுவதால், யாருக்கு எங்கே தடுக்கும் என்பது அரங்கேற்றத்துக்கு முன்பே அண்ணாவியாருக்குத் தெரிந்திருக்கும்.

அரங்கேற்ற இரவில் நெருக்கடி முழுவதும் உடுப்புக் கட்டும் இடத்தில்தான். கூத்தின் இரு வகைகளில் ஒன்றான வடமோடியில் அரசன் அணியும் கரப்புடுப்பு, வளையங்களால் விரித்துக் கட்டப்படும் பாரமான உடுப்பு. அதைத் தனியாக அணிய முடியாது. ஒருவர் பிடிக்க இன்னொருவர் கட்ட வேண்டும். மற்ற வகையான தென்மோடியின் உடுப்பு பாரம் குறைந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்பது மரபு என்பதால் அரிதாரத்துக்கும் கொண்டைக்கும் நேரம் பிடிக்கும். முடியின் கட்டுத் தளர்ந்தாலோ சதங்கை அறுந்தாலோ வரவு தாமதமாகும். அதற்குள் களரியில் அடுத்த பாத்திரத்தின் முறை வந்துவிடும்.

அப்போது கூத்தைத் தாங்குவது மத்தளம். அண்ணாவியார் அடியை நீட்டுவார்; சபையோர் எனப்படும் பிற்பாட்டுக்காரர் பாடிய தருவையே மீண்டும் எடுப்பார்கள்; கோமாளி புகுந்து இடைவெளியை நிரப்புவார். கூத்தன் வரி மறந்து நின்றால், கொப்பி பார்ப்பவர் முதற் சொல்லை எடுத்துக் கொடுப்பார். நீண்ட கூத்தில் ஒரே பாத்திரத்தை இருவர் ஏற்று, நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் மாறி ஆடுவதும் உண்டு. களைத்தவரால் ஆட்டம் கெடாமலிருக்க அது வழி செய்யும். பார்ப்பவர்கள் இவற்றைக் குறையாக எண்ணுவதில்லை. மத்தளம் நிற்காதவரை கூத்தும் நிற்கவில்லை என்பதே அவர்கள் கணக்கு.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1966) ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கிற்று. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு இராவணேசனில் இராவணனாக ஆடினார். பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தார். சுருக்கிய மேடைக் கூத்தில் தாமதத்தை மூடுவதற்கு அடியை நீட்ட இடமில்லை. வரவுகள் நேரக் கணக்கோடு நடந்தாக வேண்டும். ஆகவே திருத்தம் முழுவதும் ஒத்திகையிலேயே முடிந்துவிட வேண்டியதாயிற்று. மேடைக்கு வந்ததால் கூத்து புதிய பார்வையாளர்களைப் பெற்றது. ஆனால் களரியில் உடனுக்குடன் சமாளிக்கும் வித்தைக்கு மேடையில் வேலை குறைந்தது.

மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவர்களும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் கூத்தை மறுபடியும் களரியில் வைத்தே பேசியது. உரிய இடம் அதுதான். பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் பதிவுசெய்தால் கூத்தின் பாதிதான் மிஞ்சும். கொப்பி பார்ப்பவரிடமும், உடுப்புக் கட்டுபவரிடமும், மத்தளத்தால் இரவைத் தாங்கும் அண்ணாவியாரிடமும் இருக்கும் கைப்பழக்கத்தையும் இளையோர் களரியில் நின்றே பழக வேண்டும்.