தொடலாமா என்று யாரிடம் கேட்பது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியோடு சென்னை மாநகராட்சியின் எல்லை முடிகிறது. நாய்க்கு உரிமம் எடு, வெளியே கூட்டி வந்தால் கயிற்றைக் கையில் பிடி என்று மாநகராட்சி போடும் உத்தரவுகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டினால் முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, மாமல்லபுரம். சனி, ஞாயிறுகளில் கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி லாப்ரடாரும் ஹஸ்கியும் கோல்டன் ரிட்ரீவரும் போவது இந்தப் பக்கம்தான். அடுக்குமாடியில் அடைந்து கிடந்த நாய்க்கு மணலைக் கண்டால் கொண்டாட்டம். கடல் பார்க்க வந்த பிள்ளைகளுக்கோ நாயைக் கண்டால் கொண்டாட்டம்.

பிள்ளை ஓடி வரும். பின்னாலேயே அப்பா செல்போனைத் தூக்கிக்கொண்டு வருவார். நாய்க்காரர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார்: "கடிக்காதுங்க, சும்மா தொடச் சொல்லுங்க."

நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் அவர் அறிந்தது வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் நாயை. அதே நாய் ஒரு மணி நேரம் காரில் குலுங்கி, அலைச் சத்தத்தில் மிரண்டு, சுடுமணலில் நாக்கைத் தொங்கப் போட்டு நிற்கும்போது, முன்பின் தெரியாத நாலு கைகள் ஒன்றாகத் தலைக்கு மேல் வந்தால் என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியாது. குளிர்நாட்டுக்கென்று இரட்டை ரோமத்தோடு பிறந்த ஹஸ்கிக்கு நம் கடற்கரையின் பதினோரு மணி வெயிலே பெரிய சோதனை. அந்த நேரத்தில் செல்பிக்கு வேறு சிரிக்கச் சொன்னால்?

நாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. நமக்குத்தான் அந்தப் பேச்சு புரிவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, சும்மாவே உதட்டை நக்குவது, கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைத்து அப்படியே நின்றுவிடுவது எல்லாம் 'எனக்கு வேண்டாம்' என்பதன் பல வடிவங்கள். வால் ஆடினால் சந்தோஷம் என்று நாம் சின்ன வயதிலிருந்து நம்பி வருகிறோம். பதற்றத்திலும் வால் ஆடும்.

ஆக, அனுமதி இருவரிடம் கேட்க வேண்டும். முதலில் நாயை வளர்ப்பவரிடம், ஓடி வராமல், கொஞ்சம் தள்ளி நின்று: "அண்ணா, தொட்டுப் பார்க்கலாமா?" அவர் சரி என்றால் அடுத்து நாயிடம். நேருக்கு நேர் குனியாமல் பக்கவாட்டில் நின்றால் போதும். விருப்பம் இருந்தால் அதுவே வந்து மோந்து பார்க்கும். வராவிட்டால் அதுதான் பதில். வந்தால் உச்சந்தலையைத் தட்டாமல் மார்புப் பக்கமோ தோள்பட்டையிலோ மெல்லத் தடவலாம். மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுத்தைக் கட்டிக்கொள்வதும் முத்தம் கொடுப்பதும் நமக்குப் பாசம்; நாய்க்கு அது பிடித்து அமுக்குவது. குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால், சின்னப் பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் விழுகிறது.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆசையாக ஓடிவரும் குழந்தையிடம் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. சொன்னால் திமிர் பிடித்தவர் என்று பெயர். ஸ்வீடனில் இதற்கு 2012இல் ஒரு வழி கண்டார்கள். தள்ளி நிற்க வேண்டிய நாயின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டுவது. பல நாடுகளுக்கு அது பரவியது. இங்கே மஞ்சள் துணி கட்டினால் மாரியம்மனுக்கு ஏதோ வேண்டுதல் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே வாயைத் திறந்து சொல்வதே மேல்: "இதுக்குக் குட்டிப் பசங்கன்னா பயம் கண்ணு, தூரமா இருந்து பாரு." இப்படிச் சொல்பவர்தான் தன் நாயையும் அடுத்தவர் பிள்ளையையும் ஒருசேரக் காப்பாற்றுகிறார். 'கடிக்காது' என்பவரைவிட அவரே பொறுப்பானவர்.

மாமல்லபுரத்தில் நாய்கள் காரில் மட்டும் வருவதில்லை. கடற்கரை மணலிலும் கடை வாசல்களிலும் படுத்திருக்கும் ஊர் நாய்களுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. அனுமதி கேட்கவும் ஆளில்லை. சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட்டைப் போட்டுப் பழக்கம் பிடிக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு எந்த நாய் சாது, எது குட்டி போட்டிருக்கிறது என்று தெரியும். வெளியூர்க் குழந்தைக்குத் தெரியாது. தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டிகளோடு இருக்கும் நாய் பக்கம் போகவே கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல் கையைக் கட்டி, தலை குனிந்து மரம்போல் அசையாமல் நிற்கும் பயிற்சியைக் கனடாவில் தொடங்கிய ஓர் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறது. நம் பள்ளிகளிலும் அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் போதாத நேரங்கள் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிய தாய்க்கும் காயம். குழந்தை எந்த நாயையும் தொடப் போகவில்லை; கயிறில்லாமல் விடப்பட்ட நாய்கள்தான் அவளிடம் வந்தன. உரிமையாளர் கைதானார். அதன் பிறகே உரிமம், கயிறு, வாய்மூடி என்று மாநகராட்சி கெடுபிடி காட்டத் தொடங்கியது. 2025 இறுதியில், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது.

உத்தண்டிக்குத் தெற்கே வந்துவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு நாடு முழுதும் செல்லும். வளர்க்கும் பிராணியால் பிறர்க்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், அது தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆனாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள் பொடி, மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. காயமில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும். கீறலோ புண்ணோ உள்ள இடத்தை நக்கினால் உடனே மருத்துவரிடம் போயாக வேண்டும். வெறிநாய் நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது அரிதிலும் அரிது.   அதைத் தடுக்க ஊசி இருப்பது ஆறுதல். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள் என்று தோலில் போடப்படும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆழமான கடியென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும். வலி குறைந்துவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடக் கூடாது.