விளையாட்டின் நடுவே திரை இருண்டால்: கணினிக் கோளாறைக் கண்டறியும் முறை



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பள்ளிக்கு வரும் படிவம் 5 மாணவர் ஒருவர் ஒருநாள் என்னிடம் வந்தார். “சார், கேம் ஆட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் கறுத்துப் போவுது. கடையில கார்டு போச்சு, புதுசு வாங்கணும்னு சொல்றாங்க” என்றார். அது கோலாலம்பூரில் வேலை செய்யும் அண்ணன் வாங்கி அனுப்பிய பழைய கேமிங் கணினி. அந்த மாணவரின் கணினி அறிவியல் பாடச் செயல்திட்டமும் அதில்தான் இருந்தது. நடுத்தரமான புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். “கேம் ஆடுனா இப்படித்தான் ஆகும், வித்துடு” என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

கார்டு உண்மையிலேயே கெட்டுவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள நாம் அறிவியல் வகுப்பில் சொல்லித் தரும் முறையே போதும். உற்றறிதல், கருதுகோள், மாறிகள், பரிசோதனை. இவற்றை வரிசை தவறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1. உற்றறிதல்: திரை எப்படி இருள்கிறது?

“ஸ்கிரீன் போச்சு” என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆனால் அதில் நான்கு வகை உண்டு.

அ) திரை ஓரிரு விநாடி இருண்டு திரும்பி வருகிறது. சத்தம் நிற்கவில்லை, விளையாட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளேபோர்ட் கேபிளையும் மானிட்டரையும்.

ஆ) திரை இருண்டு திரும்பி வருகிறது, ஆனால் விளையாட்டு மூடிக்கொள்கிறது. இது பெரும்பாலும் டிரைவர் மென்பொருள் தொடர்பானது. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை மீண்டும் தொடக்கிவிடும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு இது பதிவாகும்.

இ) திரையில் சிக்னல் இல்லை என்று வருகிறது. சத்தம் சிறிது நேரம் கேட்கலாம், விசிறிகள் வேகமாகச் சுழலலாம். அணைத்துப் போட்டால்தான் படம் வரும். கார்டு, அதற்குப் போகும் மின்சாரம், சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஈ) கணினி முழுதும் அணைகிறது, அல்லது தானே மறுதொடக்கம் ஆகிறது. பவர் சப்ளையையும் சுவர் பிளக்கையும் பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண் இருக்கும். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் அந்த எண் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

நம் மாணவரின் கணினி மூன்றாம் வகை. இது தெரிந்ததுமே பாதி வேலை முடிந்தது.

2. “இங்கதான் குளிரா இருக்கே!”

நான் முதலில் சூடு என்றுதான் நினைத்தேன். மாணவர் சிரித்தார்: “சார், நம்ம ஊர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் கேமே ஆடுறோம்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அறை குளிராக இருந்தால் மட்டும் கார்டு குளிர்ந்துவிடாது. விசிறியில் தூசி அடைத்திருந்தாலோ பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலோ சூடு வெளியேறாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. மெலிந்த காற்று சற்றுக் குறைவாகவே சூட்டை எடுத்துச் செல்லும். ஆனாலும் சமவெளியைவிட அறை பத்து பாகை குளிர்ந்து இருப்பதால், மொத்தத்தில் நமக்கு லாபம்தான்.

ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். 80 பாகை செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். மாணவரின் கணினியில் திரை இருளும் நேரத்தில் 71 பாகைதான் இருந்தது. என் கருதுகோள் தவறு.

3. சுமையைக் குறைத்துப் பாருங்கள்

காசு செலவில்லாத மிக நல்ல சோதனை இது. விளையாட்டின் அமைப்பில் விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு 60 என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் கார்டு தன்னால் முடிந்த அளவு படங்களை வரைந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது இதுதான் நடந்தது. எளிமையான மெனு பக்கங்களில் வரம்பு இல்லாததால் கார்டு முழு வேகத்தில் ஓடியது. குளிரூட்டல் சரியில்லாத கணினிகளில் கார்டு அளவுக்கு மீறிச் சூடேறியது. பிளிசார்ட் நிறுவனம் அமைப்புக் கோப்பில் வரம்பு வைக்கும் வழியைச் சொல்லித் தந்தது. விளையாட்டே ஆடாமல் மெனுவில் நிற்கும்போதும் கார்டு உழைக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வரம்பு வைத்ததும் மாணவரின் திரை ஒரு மணி நேரம் இருளவில்லை. வரம்பை எடுத்ததும் மறுபடி பத்து நிமிடத்தில் இருண்டது. சூடு இல்லை, ஆனால் சுமை கூடினால் கோளாறு வருகிறது. அப்படியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது மின்சாரம்.

4. மின்சாரம்: ஒரு சிறு கணக்கு

இயற்பியல் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

வீட்டில் 2,000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 300 வாட் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். மீதி 225 வாட் 12 வோல்ட் கேபிளில் வர வேண்டும். 225 ÷ 12 = 18.75 ஆம்பியர். கெட்டிலைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

பிளக் சரியாக அமராமல் தொடுமிடத்தில் 0.02 ஓம் மின்தடை உண்டானால், அங்கே உருவாகும் வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை = 18.75 × 18.75 × 0.02, அதாவது சுமார் 7 வாட். ஒரு சிறிய பிளக்குக்கு இது அதிகம். மின்னழுத்தமும் 0.375 வோல்ட் விழும். 12 வோல்ட் இணைப்பில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம்தான் அனுமதி, அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. சுமை குறைவாக இருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும், சுமை ஏறும்போதுதான் இந்தக் குறை தலைகாட்டும்.

2022 இறுதியில் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளின் மின் இணைப்பு பிளக் உருகியதாகப் பல நாடுகளில் புகார் எழுந்தது. சுமார் 50 புகார்களை ஆராய்ந்த என்விடியா நிறுவனம், பிளக் முழுமையாகச் செருகப்படாததே பொதுவாகக் காணப்படும் குறை என்று கூறியது. விலையுயர்ந்த கார்டுக்கே இப்படி என்றால் நம் பழைய கார்டைச் சொல்ல வேண்டியதில்லை.

5. ஒரு நேரத்தில் ஒரு மாறி மட்டுமே

மாணவரின் குறிப்பேட்டில் இருந்த வரிசை இது. ஒவ்வொரு சோதனையிலும் அதே விளையாட்டு, அதே கணினி அமைப்பு. இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

சோதனை 1: மாலையில் வீட்டில் எல்லாரும் தண்ணீர் சூடாக்குவதால் மின்சாரம் இறங்குகிறதோ என்று, கெட்டில், ரைஸ் குக்கர் எதுவும் போடாமல் ஆடினார். திரை இருண்டது.
சோதனை 2: வேறு எச்.டி.எம்.ஐ. கேபிள். இருண்டது.
சோதனை 3: டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினார். இருண்டது.
சோதனை 4: 60 பட வரம்பு. இருளவில்லை.
சோதனை 5: வரம்பை எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து கார்டின் மின் பிளக்கைப் பார்த்தார். இரண்டில் ஒன்று பாதிதான் செருகியிருந்தது. ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். மூன்று நாள் ஆடிப் பார்த்தார். இருளவில்லை.

இரண்டு பிளக்குகளும் ஒரே கேபிளிலிருந்து கிளை பிரிந்து வந்ததையும் அன்றுதான் கண்டோம். தனித்தனிக் கேபிள் போட்டால் மின்னோட்டம் பங்கிட்டுக்கொள்ளும் என்பதால் பிறகு அதையும் மாற்றினோம். ஒரே நாளில் இரண்டையும் செய்திருந்தால் எது காரணம் என்று தெரியாமலே போயிருக்கும்.

பிளக் ஏன் கழன்றது? தாப்பாவிலிருந்து ஏறும் வளைவுப் பாதையில் ஆடியிருக்கலாம் என்கிறார் மாணவர். அது ஊகித்தல், உற்றறிதல் இல்லை. இந்த வேறுபாட்டைத் தேர்வில் மறந்துவிடாதீர்கள்.

6. பாதுகாப்பு

பெட்டியைத் திறக்கும் முன் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உலோகச் சட்டத்தைத் தொட்ட பிறகே கார்டைத் தொடுங்கள். பிளக் கருகியோ உருகியோ இருந்தால் கணினியை மறுபடி போடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் இருக்கும். மாணவர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முக்கியமாக, சோதனையைத் தொடங்கும் முன் செயல்திட்டத்தைப் பென்டிரைவில் நகல் எடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. சோதனை 4இன் தற்சார்பு மாறி, சார்பு மாறி ஆகியவற்றைக் குறிப்பிடுக.
2. 225 வாட் இரண்டு கேபிள்களில் சமமாகப் பிரிந்தால், 0.02 ஓம் மின்தடை உள்ள ஒரு பிளக்கில் உருவாகும் வெப்பம் எவ்வளவு? (விடை: சுமார் 1.76 வாட். மின்னோட்டம் பாதியானால் வெப்பம் கால் பங்காகும்.)
3. வெப்பநிலை 71 பாகை என்ற உற்றறிதல் எந்தக் கருதுகோளை நிராகரிக்கிறது? ஏன்?

எல்லாக் கணினியும் இப்படிச் செலவில்லாமல் சரியாகிவிடாது. சில நேரம் கார்டு உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கும். அப்போதும் கடைக்காரரிடம் “இதையெல்லாம் பார்த்துட்டேன், இப்படித்தான் இருக்கு” என்று குறிப்பேட்டைக் காட்டினால், தேவையில்லாத செலவு குறையும். நம் மாணவர் செயல்திட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்தார். அப்பா கணினியை விற்கவில்லை. விளையாட்டு மட்டும் இனி சனி ஞாயிறுதானாம்.